பல்புக்குத் தெரியாத வகை

என் வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் இருக்கின்றன. மற்ற மூன்றையும் ஓசூர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வெட்டும் ஒரு பவர் பிரஸ் வாங்கிக்கொண்டது. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்களை அமுக்கினால்தான் அந்த மெஷின் இறங்க வேண்டும். வேகம் போதவில்லை என்று ஒரு பொத்தானில் மரத்துண்டைச் செருகி, எப்போதும் அமுங்கியே இருக்கும்படி வைத்திருந்தார்கள். எனக்குக் கல்யாணமான புதிது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது என் மனைவி கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி என்னை வெளியே அனுப்பவில்லை. ஸ்டோர்ஸில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தது. எந்த டப்பாவில் எந்த போல்ட் இருக்கிறது, எவ்வளவு உற்பத்தி லைனுக்குப் போனது என்று பதிவு செய்யும் வேலை. பாவம், உட்கார்ந்திருக்கட்டும் என்று கொடுத்த நாற்காலி அது. டீ கொண்டுவருகிறவர்கூட என் டம்ளரை மட்டும் பார்த்து இடது பக்கம் வைப்பார். அந்தக் கரிசனம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போகவேண்டும் என்பதற்காகவே படித்தேன். அஞ்சல் வழியில் டிகிரி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாவா புரோகிராமிங் வகுப்பு. பிறகு, தொழிற்சாலைகளுக்கு ஸ்டாக் மென்பொருள் எழுதித் தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன்.

ஏழு விரல்களை வைத்துக்கொண்டு புரோகிராம் கோட் எழுதமுடியுமா என்று கேட்கலாம். முடிந்தது. அதற்குக் காரணம் ஒரு மஞ்சள் பல்பு.

கோட் எழுதும் எடிட்டரில் ஏதாவது தப்பாக இருந்தால் அந்த வார்த்தைக்கு அடியில் சிவப்புக் கோடு நெளியும். வரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு பல்பு எரியும். அதை அமுக்கினால், இப்படித் திருத்தட்டுமா, அப்படித் திருத்தட்டுமா என்று சில வழிகளைக் காட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், மீதியை அதுவே எழுதிவிடும். குயிக் ஃபிக்ஸ் என்பார்கள். மற்றவர்களுக்கு அது சோம்பலுக்கான வசதி. நான் அதை வைத்தே எழுதப் பழகினேன். வேண்டுமென்றே இல்லாத ஒரு பெயரை எழுதுவேன். சிவப்புக் கோடு விழும். பல்பை அமுக்குவேன். "இதை உருவாக்கவா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் நான் தட்ட வேண்டிய ஐந்தாறு வரிகள் அடைப்புக்குறிகளோடு வந்து நிற்கும். போன மூன்று விரல்களின் வேலையை அந்த பல்பு செய்தது. திரையில் பார்க்கிறவர்களுக்கு எது விரல் எழுதியது, எது பல்பு எழுதியது என்று தெரியாது. என் கோட் எல்லாருடைய கோட் மாதிரியேதான் இருந்தது. அந்தச் சில வருடங்கள் நான் நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு பெங்களூரில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனம் எங்கள் நிறுவனத்தை வாங்கியது. ஓசூர் ஆபீஸை மூடிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்றது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். நான் மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டின் முன் அறையில் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். புது டீம் லீட் என்னைவிட வயதில் சிறிய பெண். கர்நாடகப் பக்கம் ஆனேக்கல்லில் வளர்ந்தவர். எல்லைக்காரர்களுக்கே உரிய தமிழில், கன்னடத்தைக் கலந்து பேசுவார். தினமும் காலையில் வீடியோவில் பார்த்துக்கொள்வோம். வீடியோவில் என் முகமும், பின்னால் இருக்கும் காலண்டரும் தெரியும். கை தெரியாது. நான் சொல்லவுமில்லை. பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருட மழைக்காலத்தில்தான் அந்த வேலை வந்தது. எங்கள் பழைய ஸ்டாக் மென்பொருளில் பட்டியல்கள் எல்லாம் லேபிள் ஒட்டாத டப்பாக்கள் மாதிரி இருந்தன. எதை வேண்டுமானாலும் உள்ளே போடலாம். எடுக்கும்போதுதான் கைக்கு வந்தது போல்டா, பேரிங்கா என்று தெரியும். சில சமயம் தப்பானது வந்து புரோகிராம் அப்படியே நின்றுவிடும். ஆகவே எல்லா டப்பாவுக்கும் லேபிள் ஒட்டவேண்டும் என்று முடிவு செய்தார்கள். இதில் போல்ட் மட்டும், இதில் பேரிங் மட்டும். ஜாவாவில் இதற்கு ஜெனரிக்ஸ் என்று பெயர். பட்டியலின் பெயருக்குப் பக்கத்தில், < > என்ற ஆங்கிள் பிராக்கெட்டுக்குள் அந்த வகையை எழுதவேண்டும்.

கேட்க எளிதாக இருந்தது. நானும் முதலில் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். ஸ்டோர்ஸில் வருடக்கணக்காக லேபிள் ஒட்டியவன்தானே.

முதல் சில கோப்புகளில் பல்பு ஒத்துழைத்தது. பிறகு ஒரு இடத்தில் மாட்டினேன். புரோகிராமில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையை மட்டும் செய்யும் துண்டு, இரும்புச் சாமான்கள் என்று லேபிள் ஒட்டிய பட்டியலைக் கேட்டது. என்னிடம் இருந்தது போல்ட் என்று லேபிள் ஒட்டிய பட்டியல். போல்டும் இரும்புச் சாமான்தானே, கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதா? வாங்காது. ஜாவாவுக்கு அது வேறு டப்பா, இது வேறு டப்பா. சிவப்புக் கோடு விழுந்தது. பல்பு எரிந்தது. "உன் பட்டியலை இரும்புச் சாமான்கள் பட்டியலாக மாற்றிவிடவா?" என்றது. மாற்றினேன். அந்த வரி சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலை நிரப்பும் கோப்பில் சிவப்பு. அங்கே போனால் பல்பு, "இதைத் திரும்ப போல்ட் பட்டியலாக மாற்றவா?" என்றது. மாற்றினேன். பழைய இடத்தில் மறுபடி சிவப்பு.

காலையில் ஆரம்பித்து மத்தியானம் சாப்பாட்டு நேரம்வரை இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒரு வழியும் பல்பு காட்டியது: எச்சரிக்கையை மறைத்துவிடுவது. தப்பு உள்ளேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதை மட்டும் யாரும் செய்யக்கூடாது என்று லீட் முதல் நாளே சொல்லியிருந்தார். சாயங்காலம் பார்த்தபோது ஒரு கோப்பில் ஆரம்பித்த சிவப்பு திரையின் இடது ஓரம் முழுக்கப் பரவியிருந்தது. எல்லாவற்றையும் அழித்துக் காலையில் இருந்த நிலைக்கே கொண்டுவந்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் லீட் கேட்டார்.

"அண்ணா, அந்த ஸ்டாக் மாடியூல் எங்க வந்திருக்கு?"

"ஒரு எடத்துல மாட்டிக்கிச்சிங்க மேடம். குயிக் ஃபிக்ஸ் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சொல்லுது."

"ஐயோ, அதை ஏன் நம்பறீங்க? ஜெனரிக்ஸ்ல அது சும்மா உளறும். கையால டைப் பண்ணிப் பாருங்க, நாலெழுத்துதானே அல்வா?"

இல்லையா என்பதற்கு அவர் எப்போதும் கன்னடத்தில் 'அல்வா' என்றுதான் சொல்வார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்து, "சரிங்க மேடம்" என்றேன்.

நாலெழுத்து. ஆங்கிள் பிராக்கெட் இரண்டும் கீபோர்டின் வலது கீழ் ஓரத்தில், ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு தட்டும் இடத்தில் இருக்கின்றன. எனக்கு விரல் இல்லாத இடம் அது. எடிட்டரில் குறுக்குவழி வைத்து அவற்றை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். பிராக்கெட் வந்துவிட்டது. ஆனால் பிராக்கெட்டுக்குள் என்ன எழுதுவது? எனக்கு விடை தெரியாது. எழுதிப் பார்த்து, தப்பென்றால் அழித்து, வேறு மாதிரி எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். பெயர்கள் நீளமானவை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு. ஒரு முறை முயன்று பார்க்க இடது கை கீபோர்டின் மேல் குறுக்கே போய்ப் போய் வரவேண்டும். அதற்குள் எதற்காக இதை எழுதினேன் என்ற யோசனையே அறுந்துவிடும். பல்பு எழுதித் தந்த காலத்தில் தப்பு செய்வது எனக்கு எளிதாக இருந்தது. இப்போது ஒவ்வொரு தப்புக்கும் கை வலித்தது. மழைக்காலத்து ஓசூர்க் குளிரில், இல்லாத சுண்டுவிரல் விண்விண் என்று தெறித்தது.

குரலில் சொல்லி எழுதவைக்கலாம் என்று முயன்றேன். என் உச்சரிப்பு அதற்குப் புரியவில்லை. வகையின் பெயரைச் சொன்னால் ஏதோ ஊர்ப் பெயரை எழுதியது. ஏஐ கருவிகளிடம் கேட்கலாம் என்றால் வாடிக்கையாளர் கம்பெனி, தன் கோட் வெளியே போகக்கூடாது என்று எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தது. கடைசியில் அந்த எடிட்டரைச் செய்கிறவர்கள் குறைகளைப் பதிவு செய்யச் சொல்லி வைத்திருக்கும் பக்கத்துக்குப் போனேன். ஜெனரிக் வகைகளில் உங்கள் பல்பு சுற்றிச் சுற்றி அனுப்புகிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். இதே குறையை யாரோ முன்பே எழுதியிருக்கிறார் என்று என்னுடையதை அதோடு சேர்த்து மூடிவிட்டார்கள். அந்தப் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். இது அவசரமில்லை, வகையை நீங்களே எழுதிக்கொண்டால் போதும், சில எழுத்துகள்தான் என்று யாரோ மரியாதையாகப் பதில் போட்டிருந்தார்கள்.

நான் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். எதிரே கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து டவுன் பஸ் வந்தது. அதில் என் மனைவி இறங்கினாள். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ பேக்கிங் செய்கிறாள். சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று பாதியிலேயே எல்லாரையும் அனுப்பிவிட்டார்களாம். என் முகத்தைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"என்னா ஆச்சு?"

சொன்னேன். பல்பு, டப்பா, லேபிள், நாலெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட கையைக் காட்டிருங்க. எத்தனை நாளைக்கு மறைச்சிக்கினே இருப்பீங்க?"

"காட்டுனா என்னா பண்ணுவாங்க தெரியுமா? பாவம்னு சொல்லி ஓரமா ஒரு எடத்துல ஒக்கார வெப்பாங்க."

"வெச்சா வெக்கட்டுமே. நீங்க இப்படி நிக்கறத என்னால பாக்க முடியல."

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நான் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு காலையும் "இன்னும் கொஞ்சம் மேடம்" என்றேன். மற்றவர்களின் பகுதிகள் முடிந்து, என் பகுதி மட்டும் சிவப்பாக நின்றது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் லீட் போன் செய்தார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓசூர் மலைக்கோயிலுக்கு வந்திருப்பதாகவும், அம்மாவை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னார். "ஒண்ணா ஒக்காந்தா முடிஞ்சிடும் அண்ணா, டென்ஷன் ஆகாதீங்க" என்றார். நான் ஏதாவது சாக்குச் சொல்வதற்குள் வழி கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

வந்தார். நெற்றியில் குங்குமத்தோடு, கோயில் பிரசாதத்தை என் மனைவியிடம் கொடுத்தார். நான் வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டேன். லேப்டாப்பில் அந்த இடத்தைத் திறந்து காட்டினேன்.

"சரி, இங்க நீங்க என்ன டிரை பண்ணீங்கன்னு டைப் பண்ணிக் காட்டுங்க அண்ணா."

வேறு வழியில்லை. துண்டை எடுத்துவிட்டு இரண்டு கைகளையும் கீபோர்டில் வைத்தேன். இடது கை குறுக்கே வந்து, போய், மறுபடி குறுக்கே வந்து ஒரு வரியை எழுதியது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. சமையலறையில் என் மனைவி பாத்திரத்தை அலம்புவதை நிறுத்தியது கேட்டது.

"ஏன் அண்ணா சொல்லவே இல்ல?" என்றார்.

"வேலை நடந்துக்கினு இருந்துச்சிங்களே மேடம். சொல்ல வேண்டிய தேவை வரல."

"நாலெழுத்துதானேன்னு சொன்னேனே..." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் எழுதட்டா?" என்று கேட்டார். லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. விடை அவருக்கும் தெரியவில்லை. அவரும் பிராக்கெட்டுக்குள் ஒன்றை எழுதினார், சிவப்பு. அழித்து இன்னொன்றை எழுதினார், சிவப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டு வேறொன்று. நான் ஒரு வாரமாகச் செய்த அதே தப்புகளை, அதே வரிசையில் செய்தார். பத்து விரல்களும் மழை மாதிரி விழுந்தன. ஒரு தப்பு அவருக்கு ஒரு மூச்சு நேரம். என் மனைவி வைத்த டீ ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது. பிராக்கெட்டுக்குள் முதலில் ஒரு கேள்விக்குறி. எதுவானாலும் சரி, இரும்புச் சாமானின் வகையாக இருந்தால் போதும் என்று சொல்லும் ஒரு கேள்விக்குறி. பல்பு ஒரு முறைகூட அதைச் சொல்லவில்லை. சிவப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தது.

"நோடி, பாருங்க, இவ்வளவுதான்" என்றார் உற்சாகமாக. உடனே அப்படிச் சொன்னதற்காக வருந்தியவர் போல டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அறிவு போதவில்லை என்றால் படித்து ஆறுதல் தேடியிருப்பேன். அறிவு சமம்தான் என்று கண்ணெதிரே பார்த்த பிறகு தேட ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் வேலைகள் மாறின. என் மாடியூலை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். எனக்கு டெஸ்டிங். மற்றவர்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்து, மவுஸால் ஒவ்வொரு திரையாகத் திறந்து, தப்பிருந்தால் குறித்து அனுப்புவது. கூட்டம் முடிந்ததும் லீட் தனியாக அழைத்துப் பேசினார். மேலிடத்தில் என் கையைப் பற்றிச் சொல்லிவிட்டதாகவும், இனி யாரும் என்னை அவசரப்படுத்த மாட்டார்கள் என்றும் சொன்னார்.

"ஒரு கோப்பாவது எங்கிட்ட குடுங்க மேடம். மெதுவா எழுதறேன்."

"அண்ணா, டெட்லைன் இருக்கு. நான் என்ன பண்றது? இது உங்க ஒடம்புக்கும் நல்லதுதானே அல்வா?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகச் சண்டை போட்டிருப்பார் என்றும் நம்புகிறேன். அவருடைய நல்ல மனசோடு எப்படி வாதாடுவது என்று தெரியாமல் "சரிங்க மேடம்" என்றேன்.

டெஸ்டிங் வேலையில் ஒரு சில மாதங்கள் ஓடின. ஒரு நாள் லேப்டாப்பைத் திறந்தபோது எடிட்டரைக் காணவில்லை. டெஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை என்று எடுத்துவிட்டார்களாம். கேட்டால் கொடுத்திருப்பார்கள். எதற்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

லீட் பிறகு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். போன மாதம் ஒரு நாள், டெஸ்டிங் வேலையை முடித்துவிட்டு நான் மொட்டை மாடியில் நின்றிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. அம்மா நன்றாக இருப்பதாகச் சொன்னார். என் மனைவியை விசாரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இப்ப கோட் எழுதறீங்களா அண்ணா?" என்றார்.

"எழுதறேன் மேடம்."

"நிஜமா? ஜெனரிக்ஸ்கூடவா?"

"ஆமாங்க. இப்ப பழகிடுச்சி."

"ஐயோ, கேக்கவே எவ்வளவு சந்தோஷமா இருக்கு" என்றார். குரலிலேயே தெரிந்தது, நிஜமாகவே அவருக்குப் பாரம் இறங்கியிருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் மனைவி கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். தூறல் ஆரம்பித்திருந்தது. எடுத்த துணிகளில் பாதியை என் இடது தோளில் போட்டாள். இரண்டு பேரும் கீழே இறங்கினோம்.